வட்டியில்லா முதலும் பங்குச் சந்தையும்

வட்டி வாங்குவதும் கொடுப்பதும் தம் சமயத்தால் விலக்கப்பட்டவை என்று உறுதியாகக் கருதும் ஒருவர், மிச்சம் பிடித்த பணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? வணிகவியல் வகுப்பில் முதலீடு என்னும் பாடம் நடக்கும்போது இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. வைப்பு நிதி, அஞ்சலகச் சேமிப்பு, கடன் பத்திரம், பங்கு என்று பாடநூல் வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. அவ்வரிசையில் முதல் மூன்றும் வட்டியின் மீது நிற்பவை. எஞ்சுவது பங்கு ஒன்றே. அதுவாவது ஐயத்துக்கு அப்பாற்பட்டதா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

இக்கேள்வி நம் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. கடலூர் – சிதம்பரம் நெடுஞ்சாலையில் பு.முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. காட்டுமன்னார்கோயிலை அடுத்து லால்பேட்டை. கடலூரிலேயே முதுநகர்; பண்ருட்டி சாலையில் நெல்லிக்குப்பம். இவ்வூர்களிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று உழைத்துப் பணம் அனுப்பும் குடும்பங்கள் பல. பணம் வங்கிக்கு வருகிறது. சேமிப்புக் கணக்கில் ஏறும் வட்டியைத் தனியே கணக்கெழுதி ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோர் உண்டு. வட்டியே சேராத நடப்புக் கணக்கில் போட்டு வைப்போரும் உண்டு. மிஞ்சியது நகையாகிறது, மனையாகிறது. ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்டு எடுப்பது வட்டிக்கு ஒப்பானது என்று தயங்குவோர் குலுக்கல் சீட்டில் மட்டும் சேர்வர். அவசரத் தேவைக்கு வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால் என்னும் பொதுநிதி பல ஊர்களில் இயங்குகிறது.

இவற்றுள் பணத்தைக் காப்பதற்கான வழிகள் உள்ளன. பெருக்குவதற்கான வழி குறைவே. நகையின் விலை ஏறினாலும் விற்கப் போகும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை. நடப்புக் கணக்கின் நிலை இன்னும் மோசம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், இன்று போட்ட ஒரு இலட்சம் ரூபாய் பத்தாண்டு கழித்து இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 56,000 ரூபாய்ப் பொருளையே வாங்கும். கொள்கைக்காக ஒரு குடும்பம் கொடுக்கும் விலை இது. அவ்விலையைக் குறைக்க முடியுமா என்பதே கேள்வி.

பங்கும் வட்டியும்

இஸ்லாமிய வணிகச் சட்டம் இலாபத்தை வெறுப்பதன்று. முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது; இலாபம் வந்தால் முன்பே பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்வர்; நட்டம் வந்தால் முதலாளிக்கு முதல் போகும், உழைத்தவனுக்கு உழைப்புப் போகும். இதற்கு முளாரபா என்று பெயர். இருவரும் முதல் போட்டால் முஷாரகா. சரக்கை மரக்கலத்தில் ஏற்றிக் கடல் கடந்து விற்று வரும் வணிகத்துக்கு இவ்வேற்பாடு மிகப் பொருந்தி வரும். கலம் கவிழ்ந்தால் எல்லாருக்கும் நட்டம். கரை சேர்ந்தால் எல்லாருக்கும் பங்கு. கலம் கவிழ்ந்தாலும் எனக்கு இத்தனை விழுக்காடு வந்தாக வேண்டும் என்று ஒருவன் கேட்பானாயின் அதுவே வட்டி. இந்த வேற்றுமையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது.

கூட்டுப் பங்கு நிறுவனத்தின் சாதாரணப் பங்கு இக்கருத்துக்கு மிக அருகில் வருகிறது. பங்குதாரர் நிறுவனத்தின் ஒரு பகுதிக்கு உடைமையாளர். இலாபம் வந்தால் ஈவுத்தொகை, வராவிட்டால் ஒன்றுமில்லை. முன்னுரிமைப் பங்கில் ஈவுத்தொகை முன்பே நிர்ணயிக்கப்படுவதால் அது ஏற்கப்படுவதில்லை. கடன் பத்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே எழுகிறதென்றால், இன்றைய நிறுவனம் எதுவும் வட்டியை விட்டு ஒதுங்கி நிற்பதில்லை என்பதில்தான். தொழிற்சாலை கட்ட வங்கியில் கடன் வாங்குகிறது. கையில் உள்ள பணத்தை வைப்பு நிதியில் போட்டு வட்டி பெறுகிறது. (கடன் வாங்கித் தொழில் தொடங்குவது நம் ஊருக்குப் புதிதன்று. 1830ஆம் ஆண்டு பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பார் நிறுவிய இரும்பாலை கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் முன்பணத்தை நம்பியே நடந்தது. கடைசியில் நொடித்தும் போயிற்று.) ஆகவே பங்கு வாங்குகிறவர், தாம் அறியாமலே, வட்டி கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கூட்டாளியாகிவிடுகிறார்.

இதைச் சமய அறிஞர்கள் கவனிக்காமல் இல்லை. 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமியச் சட்ட அகாதமி, அடிப்படைத் தொழில் ஆகுமானதாக இருப்பினும் இடையிடையே வட்டியில் ஈடுபடும் நிறுவனங்களின் பங்கை வைத்திருப்பது கொள்கையளவில் கூடாது என்றே தீர்மானித்தது. ஆனால் அத்தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தால் உலகச் சந்தைகளில் வாங்கத்தக்க பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே தேறும். எனவே வேறு சில அறிஞர்கள், தவிர்க்க இயலாத சிறு கலப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை வகுக்க வேண்டும் என்றனர். 1999இல் தொடங்கப்பட்ட டௌ ஜோன்ஸ் இஸ்லாமியச் சந்தைக் குறியீடு இவ்வழியை உலகெங்கும் பரப்பியது. இன்று ‘ஷரீஅத் நிதி’ என்னும் பெயரில் விற்கப்படும் பெரும்பாலானவை இந்தச் சமரசத்தின் மீது கட்டப்பட்டவையே. வாங்குகிறவர் முதலில் அறிய வேண்டியது இதுதான். விற்பனைத் துண்டறிக்கையில் இது பெரிய எழுத்தில் இருப்பதில்லை.

நிதியின் அமைப்பு

இ.டி.எஃப். என்பது பங்குச் சந்தையில் பங்கைப் போலவே வாங்கி விற்கப்படும் ஒரு பரஸ்பர நிதி. அதில் எந்தப் பங்கு நல்லது என்று தேர்ந்தெடுக்கும் மேலாளரின் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. ஒரு குறியீட்டில் எந்தெந்த நிறுவனங்கள் எந்தெந்த எடையில் உள்ளனவோ, அவற்றை அதே எடையில் வாங்கி வைப்பதே அதன் வேலை. ஒரு கூடை நிறையப் பல காய்களை அளந்து போட்டு, கூடையைச் சிறு சிறு பங்காக்கி விற்பது போல. நிஃப்டி 50 குறியீட்டைப் பின்தொடரும் நிஃப்டி பீஸ் 2002 ஜனவரியில் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இந்தியாவின் முதல் இ.டி.எஃப். அதுவே. அதை வெளியிட்ட பெஞ்ச்மார்க் நிறுவனமே 2009இல் ஷரீஅத் பீஸ் என்பதையும் கொண்டுவந்தது. துருக்கியில் 2006இலும் மலேசியாவில் 2008இலும் இவ்வகை நிதி தோன்றிய பின் இந்தியாவுக்கு வந்தது. மலேசியா முந்திக்கொண்டதில் வியப்பில்லை. ஹஜ் யாத்திரைக்குச் சேமிப்போர் வட்டி கலவாமல் பணம் சேர்க்க அங்கே 1963லேயே தனி நிறுவனம் அமைந்துவிட்டது.

நம் நாட்டு நிதி கைமாறிக் கைமாறி வந்துள்ளது. பெஞ்ச்மார்க்கை 2011இல் கோல்ட்மேன் சாக்ஸ் வாங்கியது. பின்னர் ரிலையன்ஸ் வசமாயிற்று. 2019 முதல் நிப்பான் இந்தியா என்னும் பெயரில் நடக்கிறது. நிறுவனம் மாறினாலும் முதலீட்டாளரின் யூனிட்டு அழிவதில்லை. அது நிறுவனத்தின் கைப்பணமன்று. அறங்காவலர் பொறுப்பில் தனியே வைக்கப்பட்டுள்ள சொத்து. டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் என்பனவும் ஷரீஅத் அடிப்படையில் நடப்பவையே. ஆனால் அவை இ.டி.எஃப். அல்ல, மேலாளர் பங்கைத் தேர்ந்தெடுக்கும் சாதாரணப் பரஸ்பர நிதிகள்.

சல்லடை

நிஃப்டி 50இல் உள்ள ஐம்பது நிறுவனங்களையும் இரண்டு சல்லடையில் போட்டுச் சலித்து எஞ்சுவதே நிஃப்டி 50 ஷரீஅத் குறியீடு. சலிக்கும் பொறுப்பு மும்பையிலுள்ள தாசிஸ் என்னும் ஆலோசனை நிறுவனத்தினுடையது.

முதற்சல்லடை தொழிலைப் பார்ப்பது. வங்கி, வழக்கமான காப்பீடு, மது, புகையிலை, பன்றியிறைச்சி, சூதாட்டம் முதலியவை நீங்கும். பெரிய வங்கிகள் அனைத்தும் இங்கேயே கழிந்துவிடும். சிகரெட்டால் ஐ.டி.சி.யும் கழியும். எளிதாகத் தோன்றினாலும் எல்லையோரத்தில் கடினமான கேள்விகள் உண்டு. நெல்லிக்குப்பம் போன்ற ஆலை ஊர்க்காரருக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். சர்க்கரை ஆகுமானது. ஆனால் சர்க்கரை ஆலை என்றால் கழிவுப்பாகு உண்டு; பாகு என்றால் எரிசாராயம் வடிக்கலாம். அச்சாராயம் பெட்ரோலுடன் கலக்கப்போனால் ஒரு தீர்ப்பு, குடிக்கும் மதுவுக்குப் போனால் வேறு தீர்ப்பு. ஒரே குழாயில் வருவதை எங்கே விற்றார்கள் என்று கணக்குப் பார்த்தல்லவா முடிவு சொல்ல வேண்டும்!

இரண்டாவது சல்லடை இருப்புநிலைக் குறிப்பைப் பார்ப்பது. தாசிஸ் விதிப்படி வட்டிக் கடன் மொத்தச் சொத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வட்டி வரவு மொத்த வருமானத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வரவேண்டிய தொகையும் ரொக்கமும் வங்கி இருப்பும் சேர்ந்து மொத்தச் சொத்தில் 90 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. மூன்றாவது விதி ஏனென்று வாசகர் கேட்கலாம். பணத்தைப் பணத்துக்கு விற்கும்போது கூடுதல் குறைவு இருக்கலாகாது என்பது ஷரீஅத் விதி. ஒரு நிறுவனத்தின் சொத்து முழுவதும் ரொக்கமும் வரவேண்டிய கடனுமாக இருந்தால், அதன் பங்கை விற்பது பணத்தை வேறு விலைக்கு விற்பதாகவே முடியும். அதைத் தடுக்கவே இவ்விதி.

இங்கே மாணவர் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடனை எதனோடு ஒப்பிடுவது? தாசிஸ் மொத்தச் சொத்தோடு ஒப்பிடுகிறது. டௌ ஜோன்ஸ் முறையோ 24 மாதச் சராசரிச் சந்தை மதிப்போடு ஒப்பிட்டு, 33 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்கிறது. இரண்டும் ஒன்று போலத் தோன்றலாம். போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் சொத்து 1,000 கோடி; கடன் 300 கோடி; சந்தை மதிப்பு 3,000 கோடி. தாசிஸ் கணக்கில் 30 விழுக்காடு, ஆகவே தோல்வி. டௌ ஜோன்ஸ் கணக்கில் 10 விழுக்காடு, வெற்றி. மற்றொரு நிறுவனத்தின் சொத்தும் 1,000 கோடி. கடன் 240 கோடி. சந்தை மதிப்பு 600 கோடி மட்டுமே. தாசிஸ் கணக்கில் 24 விழுக்காடு, தேறியது. டௌ ஜோன்ஸ் கணக்கில் 40 விழுக்காடு, தேறவில்லை.

ஒரே நிறுவனம் மும்பையில் ஆகுமானது, நியூயார்க்கில் ஆகாதது! அதைவிட விந்தை, சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடும் முறையில், ஒரு பைசா புதுக்கடன் வாங்காத நிறுவனமும் பங்கு விலை நெடுநாள் வீழ்ந்து கிடந்தால் தகுதி இழந்துவிடும். ஊக வணிகத்தால் விலை வீங்கினால் கடன்காரனும் தகுதி பெற்றுவிடுவான். என் கருத்தில், சொத்தோடு ஒப்பிடும் முறையே கொள்கைக்கு நெருக்கமானது. கடன் என்பது நிறுவனத்தின் செயல். சந்தை விலை என்பது பிறர் எண்ணம். பிறர் எண்ணத்தை வைத்து ஒருவரின் ஒழுக்கத்தை அளப்பது முறையன்று. ஆனால் சொத்து மதிப்பு பழைய கொள்முதல் விலையில் ஏட்டில் கிடப்பது, அதுவும் உண்மை மதிப்பன்று என்று எதிர்க்கட்சியினர் வாதிடுவர். அவ்வாதமும் தள்ளத்தக்கதன்று.

25 விழுக்காடு என்னும் எண்ணோ 33 என்னும் எண்ணோ திருமறையில் வட்டியைப் பற்றிச் சொல்லப்பட்டதன்று. அறிஞர் குழுக்கள் ஆய்ந்து வகுத்தவை. எனவே அவை மாறலாம். குழுவுக்குக் குழு வேறுபடலாம்.

வங்கியில்லாக் கூடை

சலித்து முடித்தபின் கூடையில் எஞ்சுவது என்ன? நிஃப்டி 50இல் வங்கியும் நிதித்துறையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை உடையவை. அவை முழுவதும் போய்விடுகின்றன. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற கணினி நிறுவனங்கள் கடன் இல்லாதவை; ஆகவே அவற்றின் எடை கூடிவிடுகிறது. அடுத்து இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற நுகர்பொருள் நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும். இந்தியப் பொருளாதாரம் முழுவதையும் வாங்கியதாக நினைத்துக்கொண்டு, அமெரிக்காவுக்கு மென்பொருள் விற்கும் தொழிலையே பெரிதும் வாங்கியிருப்பார் இம்முதலீட்டாளர்.

இதன் விளைவு இருமுனைக் கத்தி. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் சந்தை சரிந்தபோது வங்கிப் பங்குகளே அதிகமாக வீழ்ந்தன. வங்கியில்லாக் கூடை வைத்திருந்தவர் அந்த அடியிலிருந்து தப்பினார். 2022இல் நிலை தலைகீழாயிற்று. நிஃப்டி 50 ஏறத்தாழ 4 விழுக்காடு உயர்ந்த அவ்வாண்டில் நிஃப்டி ஐ.டி. குறியீடு நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. கணினி நிறுவனங்களை அதிகமாகச் சுமந்த கூடை அந்த வீழ்ச்சியையும் சுமக்க வேண்டியதாயிற்று. எனவே ஷரீஅத் நிதி பாதுகாப்பானது என்று சிலர் சொல்வதும், அதில் இலாபம் குறைவு என்று வேறு சிலர் சொல்வதும் முழு உண்மையல்ல. அதன் ஏற்ற இறக்கம் வேறு தாளத்தில் நடக்கும், அவ்வளவே. மகளின் திருமணத்துக்கென்று இரண்டாண்டில் தேவைப்படும் பணத்தை இதில் போடுவது அறிவுடைமையாகாது.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். இந்த நிதியில் நாள்தோறும் நடக்கும் வியாபாரம் நிஃப்டி பீஸ் போன்றவற்றை நோக்க மிகச் சிறிது. நிர்வாகச் செலவு விகிதமும் பல மடங்கு அதிகம். விற்போரும் வாங்குவோரும் குறைவாக இருக்குமிடத்தில் விலை இடைவெளி பெரிதாகும். கூடையின் உள்மதிப்பு ஒரு யூனிட்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவோர் 495 கேட்க, விற்போர் 508 சொல்லலாம். ‘சந்தை விலைக்கு வாங்கு’ என்று தரகரிடம் சொன்னால் 508 போய்விடும். நான் இன்ன விலைக்கு மேல் கொடுக்கமாட்டேன் என்று வரம்பு விலை குறித்து ஆணையிடுவதே முறை. நிதி நிறுவனம் வெளியிடும் உள்மதிப்பை முதலில் பார்த்துவிட்டு விலை குறிக்க வேண்டும். பரங்கிப்பேட்டைச் சந்தையில் மீன் வாங்கும்போது காட்டும் எச்சரிக்கையில் பாதி இருந்தால் போதும்.

மற்றொன்று. நிதி ஆகுமானதாயினும் அதை வாங்கும் வழி ஆகாததாகிவிடலாம். தரகு நிறுவனம் தரும் கடனைக் கொண்டு வாங்கினால் அதற்கு வட்டி உண்டு. கையில் இல்லாததை விற்பதும், முன்பேர வணிகமும் பெரும்பாலான அறிஞரால் ஏற்கப்படுவதில்லை.

தூய்மைப்படுத்தல்

மூன்று விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றால் அந்த மூன்று விழுக்காடு ஆகுமானதாகிவிடுமா? ஆகாது என்பதே விடை. ஆகாத வருவாயின் பங்கைக் கணக்கிட்டுத் தருமத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்தின் வருமானத்தில் 2 விழுக்காடு வட்டி என்றால், 100 பங்குக்கு 200 ரூபாய் ஈவுத்தொகை பெற்றவர் 4 ரூபாயைத் தனியே எடுத்துவைப்பார். அது ஜகாத்தில் சேராது. ஜகாத் தம் தூய பொருளிலிருந்து இரண்டரை விழுக்காடு கொடுப்பது. இதுவோ தம்முடையதல்லாததை வெளியேற்றுவது. சேமிப்புக் கணக்கு வட்டியைப் பிரித்துக் கொடுக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. நிதியில் ஈவுத்தொகை கைக்கு வராமல் உள்ளேயே சேரும்போது மட்டும் கணக்கு சற்றுச் சிரமமாகும். ஆலோசனைக் குழு விகிதத்தை வெளியிட்டால்தான் போட முடியும்.

பெயரும் பொறுப்பும்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, ‘ஹலால் முதலீடு’ என்று நம்மவரே நடத்தும் நிறுவனத்தில் கொடுத்துவிட்டால் மாதாமாதம் இலாபம் வருமே என்று எண்ணியோர் பலர். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் அவ்வாறே இலாபப் பங்கு என்ற பெயரில் மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தது. 2019 ஜூனில் அது நின்றது. நிறுவனர் வெளிநாடு சென்றுவிட்டார். ஜூலையில் தில்லி விமான நிலையத்தில் கைதானார். சேமிப்பை இழந்தோர் பல்லாயிரவர். பெரும்பாலோர் எளிய முஸ்லிம் குடும்பத்தினர். இலாபமும் நட்டமும் பொதுவென்று சொல்லும் ஒரு தொழிலில் மாதம் தவறாமல் இலாபம் மட்டுமே எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்த ஒழுங்கே வட்டியின் சாயல் அல்லவா?

இ.டி.எஃப்.பில் அத்தகைய உறுதிமொழி கிடையாது. யூனிட்டு முதலீட்டாளரின் டிமேட் கணக்கில் இருக்கிறது. கூடையில் எந்தப் பங்கு எத்தனை என்பது வெளியிடப்படுகிறது. நிதியைச் செபி மேற்பார்வை செய்கிறது. ஆனால் செபி மேற்பார்வை செய்வது நிதியின் நடத்தையைத்தான். அது ஷரீஅத்துக்குப் பொருந்துமா என்று செபி சான்று தருவதில்லை. அச்சான்று ஆலோசகருடையது; அதை ஏற்பதும் மறுப்பதும் முதலீட்டாளர் தாம் நம்பும் ஆலிமைக் கேட்டுச் செய்ய வேண்டியது.

வழிகள் பெருகும் என்று எதிர்பார்த்தோருக்கு ஏமாற்றமே மிச்சம். ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவைக்குப் பரிந்துரைத்தது. பாரத ஸ்டேட் வங்கியின் பரஸ்பர நிதி நிறுவனம் 2014 டிசம்பரில் தொடங்கவிருந்த ஷரீஅத் நிதியைத் தொடங்கும் தறுவாயில் ஒத்திவைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி இஸ்லாமிய வங்கித் திட்டத்தை மேற்கொண்டு நடத்துவதில்லை என்று முடிவு செய்தது.

வணிகவியல் மாணவர்க்கு ஒரு பயிற்சி சொல்லலாம். நம் மாவட்டத்திலேயே உள்ள நெய்வேலி நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. நிலக்கரியும் மின்சாரமும் விலக்கப்பட்ட தொழில்கள் அல்ல; எனவே முதற்சல்லடையில் அது தேறும். அதன் ஆண்டறிக்கையை எடுத்து, மொத்தச் சொத்து, நீண்டகாலக் கடனும் குறுகியகாலக் கடனும் சேர்ந்த தொகை, வட்டி வரவு, மொத்த வருமானம் என்னும் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சந்தை மதிப்பைக் கொண்டும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். இரு விடையும் ஒத்து வருகின்றனவா என்பதை வகுப்பில் விவாதிக்கலாம்.